'மூடிய கதவு', 'சாப்பிட்ட ஆள்': ஐரிஷில் பெயரெச்சத்துக்கு எந்த வடிவம்?

ஐரிஷ், அதாவது அயர்லாந்தின் கேலிக் மொழி படிக்கத் தொடங்கும் தமிழருக்கு ஆரம்பத்தில் ஒரு இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. மூடிய கதவு 'தொரஸ் தூன்த்த'. உடைந்த கோப்பை 'குப்பான் பிரிஷ்டெ'. விழுந்த மரம் 'க்ரான் டிட்டெ'. அடைமொழி பெயருக்குப் பின்னால் வருகிறது, மற்றபடி நம் பெயரெச்சமேதான் என்று தோன்றும். அந்தத் தைரியத்தில் 'சாப்பிட்ட ஆள்' என்பதற்கு 'ஃப்யார் இட்டெ' என்று எழுதுவார். எழுதியதன் பொருள்: தின்னப்பட்ட ஆள். புலி அடித்த செய்திக்கு வேண்டுமானால் பொருந்தும்.

ஐரிஷில் நம்முடையது போன்ற பெயரெச்சம் இல்லை. அந்த ஒரு வடிவம் செய்யும் வேலையை ஐந்து அமைப்புகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. எங்கே எதை எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஐந்தையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு சொல். ஐரிஷ் சொற்களைக் கேட்கும் ஒலிப்படி தோராயமாகத் தந்திருக்கிறேன். வட்டாரத்துக்கு வட்டாரம் உச்சரிப்பு மாறும். 'ஃக' என்று எழுதிய இடத்தில் தொண்டையில் உரசும் ககரம். 'அ கூன' போன்ற இடங்களில் வரும் ககரம், 'முகம்' என்று பேச்சில் சொல்லும்போது வரும் இளகிய ககரம். ஐரிஷ் மெய்கள் 'அகல', 'ஒல்லி' என இரு வகை; ஒல்லி மெய்யில் நாக்கு அண்ணத்தை நோக்கி உயரும், அகல மெய்யில் உயராது. 'அகல' தகரம், பல்லில் நாக்குப் படும் நம் தகரமேதான். ஆங்கில நாக்கோடு வருபவர்களைவிடத் தமிழருக்கு இது எளிது.

## முதலில் அளவுகோல்கள்

பெயரெச்சம் சேரும் பெயருக்கும் அதன் வினைக்கும் என்ன உறவு? பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். 'சமைத்த பெண்', 'சமைத்த பாத்திரம்', 'சமைத்த இடம்', 'சமைத்த நாள்', 'சமைத்த சோறு' எல்லாவற்றுக்கும் நமக்கு 'சமைத்த' ஒன்றே போதும். ஐரிஷுக்குப் போதாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நிலையா, நிகழ்வா? கதவு மூடியிருக்கிறது என்பது நிலை. கதவை மூடினார்கள் என்பது நிகழ்வு.

அடையா, பயனிலையா? 'உடைந்த ஜன்னல்' என்கிறோமா, 'ஜன்னல் உடைந்திருக்கிறது' என்கிறோமா?

என்ன விலை? எத்தனை வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டும், எத்தனை இடத்தில் சொல்லின் முதலெழுத்து மாறும் என்பது. ஐரிஷில் முன்னால் நிற்கும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதல் மெய் மாறுகிறது. 'மெலிதல்' ஒரு வகை (அவர்கள் பெயர் 'ஷேவூ'; 'பிரிஷ்டெ' 'விரிஷ்டெ' ஆவது போல), 'மறைப்பு' இன்னொன்று ('உரூ', கிரகணம் என்றே பொருள்; ஒலிப்பற்ற தகரம் ஒலிப்புள்ள தகரமாவது போல). நம் புணர்ச்சியில் வலி மிகுந்தாலும் மிகாவிட்டாலும் பெரும்பாலும் பொருள் புரிந்துவிடும். இங்கே முதலெழுத்து மாறினால் பல இடங்களில் பொருளே மாறிப்போகும்.

## 1. வினைப் பெயரடை: தூன்த்த, பிரிஷ்டெ, டேன்த்த

வினையடியோடு ஈறு சேர்த்து உண்டாக்கும் அடைமொழி இது. முடிந்துபோன செயலின் விளைவு ஒரு பொருளின் மேல் நிற்பதைக் காட்டும்.

எந்த ஈறு என்பதை வினையடியின் கடைசி எழுத்து தீர்மானிக்கிறது. எல், என், எஸ், சி-எச் முடிவுக்கு டி-ஏ அல்லது டி-இ: மூடு 'தூன்' > 'தூன்த்த', உடை 'பிரிஷ்' > 'பிரிஷ்டெ'. பி, சி, ஜி, எம், ஆர் முடிவுக்கு டி-எச்-ஏ அல்லது டி-எச்-இ: பணம் செலுத்து 'ஈக்' > 'ஈக்க', விட்டுச்செல் 'ஃபாக்' > 'ஃபாக்க'. எழுத்தில் டி-எச் இருந்தாலும் காதில் விழாது. முன்னால் உள்ள ஒலிப்புடைய ஜி-யை ஒலிப்பற்ற ககரமாக்கிவிட்டுப் போய்விடும். பி-எச், எம்-எச் முடிவுக்கு எஃப்-ஏ: எழுது 'ஷ்க்ரீவ்' > 'ஷ்க்ரீஃப'. நீண்ட வினைகளுக்குப் பெரும்பாலும் 'அஹெ', 'இஹெ': வாங்கு 'க்யானி' > 'க்யானஹெ', புறப்படு 'இமி' > 'இமிஹெ'. ஒழுங்கற்ற வினைகள் மொத்தம் 11தான். அவற்றில் சொல் (ராட்டெ), கொடு (துக்க), வா (தாக்க), போ (துல்த்த) ஆகிய நான்கின் அடை வடிவமும் வினையடியைப் பார்த்து ஊகிக்க முடியாதவை, மனப்பாடம்தான்.

இதன் பெரிய லாபம், பன்மைக்கு வடிவம் மாறாது என்பது. ஆனால் அடையாக வரும்போது முதலெழுத்தைக் கவனிக்க வேண்டும்:

- உடைந்த கோப்பை (ஆண்பால்): குப்பான் பிரிஷ்டெ
- உடைந்த கோப்பைகள்: குப்பாயின் விரிஷ்டெ (பன்மை ஒல்லி மெய்யில் முடிவதால் மெலிதல்)
- உடைந்த ஜன்னல் (பெண்பால்): ஃபின்யோக் விரிஷ்டெ
- ஜன்னல் உடைந்திருக்கிறது: தா அன் இன்யோக் பிரிஷ்டெ

கடைசி வரியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 'அன்' (ஆங்கிலத்தின் 'த' போன்ற சொல்) வந்ததால் ஜன்னலின் ஃபகரம் மறைந்து 'இன்யோக்' ஆனது. ஆனால் பயனிலையாக நிற்கும் அடைக்கு மெலிதல் கிடையாது. பெண்பால் என்று நினைத்து அங்கேயும் 'விரிஷ்டெ' போட்டால் தவறு.

இனி முக்கியமான கட்டுப்பாடு. வினைப் பெயரடை ஒட்டும் பெயர் செயலுக்கு ஆட்பட்டதாக இருக்க வேண்டும்; அல்லது இடமோ நிலையோ மாறியதாக இருக்க வேண்டும். மூடிய கதவு, எழுதிய கடிதம், விழுந்த மரம், கிளம்பிப்போன பேருந்து எல்லாம் சரி. 'கழிந்த வாரம்' என்று நாம் சொல்வதையும் அவர்கள் இதே முறையில்தான் சொல்கிறார்கள்: 'அன் ட்யாஃக்தின் ஷொ காட்டெ'. காட்டெ என்றால் கழிந்த, செலவான. ஆனால் சிரித்த குழந்தை, சாப்பிட்ட ஆள், கடிதம் எழுதிய பெண் ஆகியோருக்கு இந்த வடிவம் கிடையாது.

விதிவிலக்காக ஒரு குடிகாரர் உண்டு. 'ஃப்யார் ஓல்த்த' என்றால் குடிக்கப்பட்ட ஆள் அல்ல, குடித்திருக்கும் ஆள். தமிழில் 'குடித்த ஆள்' என்பதை அப்படியே பெயர்த்தவர் இந்த ஒரு இடத்தில் தப்பித்துக்கொள்கிறார். இதை வைத்து விதி கண்டுபிடிக்கக் கூடாது.

'அகம்' சேர்த்தால். 'தா அன் ல்யவர் லேட்டெ அகம்': நான் புத்தகத்தைப் படித்துவிட்டேன். 'அகம்' என்றால் என்னிடம். 'புத்தகம் படித்ததாக என்னிடம் இருக்கிறது' என்ற கட்டு. தமிழின் 'விட்டேன்', 'முடித்துவிட்டேன்' என்பதற்கு இதைவிட நெருக்கமான வடிவம் ஐரிஷில் இல்லை.

இதில் இரண்டு மறைமுகச் செலவுகள். முதலாவது, 'அகம்' என்பதில் உள்ள 'அக்' என்ற உருபு நம் 'என்னிடம்', 'அவனிடம்' என்பதில் வரும் 'இடம்' போலப் பொருள்படுவதால் தமிழர் திசையை மாற்றிப் படிப்பார்கள். 'தா அன் ட்யாஃக் டீல்த்த அக் ஷான்' என்றால் வீடு ஷானிடம் விற்கப்பட்டது அல்ல. ஷான் வீட்டை விற்றுவிட்டார். ஷானுக்கு விற்றதாகச் சொல்ல 'அக்' வராது, 'லெ' வர வேண்டும். வீட்டு விளம்பரத்திலோ ஒப்பந்தத்திலோ இது சின்னத் தவறு அல்ல.

இரண்டாவது, 'நேற்று' போன்ற முடிந்த காலச் சொல்லோடு இந்தக் கட்டு ஒட்டாது. 'நேற்றே எழுதியிருக்கிறேன்' என்று தமிழில் இயல்பாகச் சொல்வோம். ஐரிஷில் நேற்று என்று சொல்லிவிட்டால் சாதாரண இறந்தகாலம்தான்: 'ஷ்க்ரீவ் மே', எழுதினேன்.

எப்போது இதுவே சிறந்தது: செய்தது யார் என்பது தேவையில்லை, விளைவு மட்டும் முக்கியம் என்னும்போது. அறிவிப்புப் பலகை, படிவம், பொருளின் நிலை சொல்லும் இடங்கள் எல்லாம் இதற்குரியவை.

## 2. 'அ' தொடர்: பெயரெச்சத்தின் உண்மையான வாரிசு

'சாப்பிட்ட ஆள்' சரியாக வர வேண்டுமானால் 'அன் ஃப்யார் அ டிஹ்'. ஆள், பிறகு 'அ' என்ற இடைச்சொல், பிறகு முற்றுவினை. தமிழில் வினை எச்சமாகிப் பெயருக்கு முன்னால் போகும். இங்கே வினை முற்றாகவே பெயருக்குப் பின்னால் நிற்கும்.

செலவு கூடிய வழி இதுதான். ஆனால் எந்த உறவையும் தாங்குவதும் இது ஒன்றுதான். நன்னூலின் ஆறையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் எங்கே சிக்கல் என்பது தெரியும்:

- செய்பவன். கதவை மூடிய பெண்: அன் வ்யான் அ கூன் அன் தொரஸ்
- செய்பொருள். பெண் மூடிய கதவு: அன் தொரஸ் அ கூன் அன் வ்யான்
- காலம். அவன் வந்த நாள்: அன் லா அ ஹானிக் ஷே
- செயல். அவன் பேசிய பேச்சு: அன் ஃகைன்ட் அ ரின்ய ஷே
- கருவி. அவன் கதவைத் திறந்த சாவி: அன் ஒஃகர் எர் ஒஸ்கில் ஷே அன் தொரஸ் லேயி
- நிலம். அவன் வசிக்கிற வீடு: அன் ட்யாஃக் அ வில் ஷே இன ஃகோனீ ஆன்

முதல் நான்கும் 'நேர்த்தொடர்'. 'அ' வரும், வினையின் முதலெழுத்து மெலியும், அவ்வளவுதான். கடைசி இரண்டும் 'சுற்றுத்தொடர்'. இங்கே இரண்டு மாற்றங்கள். இடைச்சொல்லுக்குப் பின் மெலிதலுக்குப் பதில் மறைப்பு வரும் (ஒழுங்கான வினைகளின் இறந்தகாலத்தில் 'அ' போய் 'எர்' வந்து மெலிக்கும்). கூடவே தொடரின் முடிவில் விட்டுப்போன வேற்றுமையை மீண்டும் சொல்ல வேண்டும்: 'லேயி' என்றால் அதைக்கொண்டு, 'ஆன்' என்றால் அதில்.

தமிழ்ப் பெயரெச்சம் அந்த வேற்றுமை உருபை விழுங்கிவிடுவதால் நமக்கு அது இருந்த நினைவே இருக்காது. 'திறந்த சாவி' என்றால் சாவியால் திறந்தது என்று தானாகப் புரிந்துகொள்கிறோம். ஐரிஷ்காரர் காதுக்கு 'லேயி' இல்லாத தொடர் பாதியில் அறுந்ததுபோல் கேட்கும். சோதிக்க எளிய வழி: பெயரெச்சத்தைக் கலைத்து முழு வாக்கியமாக்குங்கள். 'சாவியால் கதவைத் திறந்தான்', 'வீட்டில் வசிக்கிறான்' என்று ஆல், இல், ஓடு, இடம் எட்டிப்பார்த்தால் சுற்றுத்தொடர். உருபு வராவிட்டாலோ 'ஐ' மட்டும் வந்தாலோ நேர்த்தொடர். காலப்பெயர் மட்டும் தனி. அதற்கு நேர்த்தொடரே போதும்.

மேலே முதல் இரண்டு வரிகளையும் திரும்பப் பாருங்கள். சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. ஐ உருபு போன்ற எதுவும் இல்லை. பெண்ணும் கதவும் என்பதால் யார் யாரை மூடினார் என்று குழப்பம் வரவில்லை. இரண்டு பக்கமும் மனிதர் வந்தால் வரும்: 'அன் ஃப்யார் அ வொல் அன் மூன்டோர்' என்பது ஆசிரியரைப் புகழ்ந்த மனிதனா, ஆசிரியர் புகழ்ந்த மனிதனா? இரண்டும்தான். தமிழில் ஒரு 'ஐ' தீர்த்துவைக்கும் விஷயத்துக்கு ஐரிஷ் சுற்றுத்தொடரைக் கடன் வாங்குகிறது: 'அன் ஃப்யார் எர் வொல் அன் மூன்டோர் ஏ', அதாவது ஆசிரியர் அவனைப் புகழ்ந்த மனிதன். செய்தி எழுதுபவரும் மொழிபெயர்ப்பவரும் இந்தக் கடைசி 'ஏ'யைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

'படிக்கிற பையன்' என்பதில் இன்னொரு பிளவு. இப்போது படித்துக்கொண்டிருப்பவன் 'அத்தா அக் லேவ்'. வழக்கமாகப் படிப்பவன் 'அ லேன்'. தமிழ் நிகழ்காலப் பெயரெச்சம் இரண்டையும் சுமக்கும், ஐரிஷ் சுமக்காது.

எப்போது இதுவே சிறந்தது: செய்பவரைச் சிறப்பிக்கும்போது, கருவி, இடம் சார்ந்த உறவுகளில், காலம் துல்லியமாகத் தெரிய வேண்டிய இடங்களில். சந்தேகம் வந்தால் இதை எடுத்தால் தவறு குறையும், வாக்கியம் மட்டும் நீளும்.

## 3. அக் + தொழிற்பெயர்: நடந்துகொண்டிருப்பது

'தா மே அக் லேவ்': நான் படித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நான் படித்தலில் இருக்கிறேன்'. பாடநூல்கள் சில இதை நிகழ்கால எச்சம் என்று பெயரிட்டுவிடுகின்றன. அப்படி எதுவும் இல்லை. இது ஒரு பெயர்ச்சொல், முன்னால் ஓர் உருபு. பெயர்ச்சொல் என்பதை மறந்தால் பின்வரும் எதுவும் புரியாது.

பெயர் என்பதால் செயப்படுபொருள் ஆறாம் வேற்றுமைக்குப் போகிறது. கதவை மூடிக்கொண்டிருக்கிறேன்: 'தா மே அக் தூன அன் தொரிஷ்'. 'கதவின் மூடுதல்' என்று நினைத்துக்கொண்டால் 'தொரஸ்' எப்படி 'தொரிஷ்' ஆனது என்பது விளங்கும்.

செயப்படுபொருள் பிரதிப்பெயராக இருந்தால் அது உடைமைச் சொல்லாகி முன்னால் வரும். இதிலிருந்து 'கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்ற பொருளும் பிறக்கிறது:

- வீடு (ஆண்பால்) கட்டப்படுகிறது: தா அன் ட்யாஃக் ஆ ஹோகாயில்
- பள்ளி (பெண்பால்) கட்டப்படுகிறது: தா அன் ஸ்கில் ஆ தோகாயில்
- வீடுகள் கட்டப்படுகின்றன: தா ந டிஹெ ஆ தோகாயில், ஆனால் இங்கே 'தானம்' என்பதில் வரும் ஒலிப்புள்ள தகரம், முந்தையது 'தந்தை'யின் தகரம்

ஒரே 'ஆ' மூன்று வேலை செய்கிறது. வேறுபாடு முழுவதும் அடுத்த எழுத்தில்தான். எழுத்தில் தெளிவாகத் தெரியும், காதில் பழக வேண்டும்.

அடுத்த பொறி, உடல் நிலையைச் சொல்லும் வினைகள். 'அவன் உட்கார்ந்திருக்கிறான்' என்பதற்கு 'அக் ஸீ' என்றால் உட்காரும் அசைவில் இருக்கிறான் என்றாகிவிடும். நிலைக்கு 'இன' வேண்டும்: 'தா ஷே இன ஹீ', அவள் என்றால் 'தா ஷீ இன ஸீ'. நிற்பது, தூங்குவது, படுத்திருப்பது, விழித்திருப்பது, வசிப்பது எல்லாம் இந்தக் குடும்பம். இங்கே தமிழருக்கு ஆங்கிலத்தைவிட நல்ல வழிகாட்டி தமிழே. 'உட்காருகிறான்', 'உட்கார்ந்திருக்கிறான்' என்று நாமே பிரித்துத்தான் பேசுகிறோம். 'இருக்கிறான்' ஒட்டும் இடத்தில் 'இன'.

மறைமுகச் செலவு என்னவென்றால், வினைப் பெயரடையை விதிப்படி ஊகிக்கலாம், தொழிற்பெயரை ஊகிக்க முடியாது. மூடு 'தூன்' > 'தூன', குடி 'ஓல்' > 'ஓல்' (மாறவே இல்லை), படி 'லே' > 'லேவ்', கட்டு 'தோக்' > 'தோகாயில்', விழு 'டிட்' > 'டிடிம்'. நமக்கும் தொழிற்பெயர் ஆடல், கொலை, வருகை, நடத்தல் என்று கலந்துதானே கிடக்கிறது. அந்த ஆறுதலோடு, வினையைக் கற்கும்போதே தொழிற்பெயரையும் சேர்த்து எழுதிவைப்பது தவிர வேறு வழியில்லை. ட்யாங்லன் என்னும் இலவச அகராதித் தளத்தில் ஒவ்வொரு வினைக்கும் தொழிற்பெயர், வினைப் பெயரடை இரண்டும் கிடைக்கும். மூன்று வட்டார உச்சரிப்பையும் கேட்கலாம்.

பெயருக்கு அடையாக இதை நேரடியாக ஒட்டக் கூடாது. 'ஓடுகிற பையன் என் தம்பி' என்றால் 'அத்தா' கட்டாயம். 'பையன் ஓடுவதைப் பார்த்தேன்' என்பது போன்ற கட்டில் மட்டும் 'அத்தா' இல்லாமலே வரும்.

## 4. தரேஷ் + தொழிற்பெயர்: இப்போதுதான் முடிந்தது

'தா மே தரேஷ் அன் தொரஸ் அ கூன': இப்போதுதான் கதவை மூடினேன். 'தரேஷ்' என்றால் பிறகு. வடக்கே அல்ஸ்டர் வட்டாரத்தில் இதே இடத்தில் 'இ நீயா' கேட்கும். பொருளில் வேறுபாடு இல்லை.

சொல்வரிசை முக்கியம். செயப்படுபொருள் முன்னால், பிறகு 'அ', பிறகு மெலிந்த தொழிற்பெயர். மூன்றாம் அமைப்பில் ஆறாம் வேற்றுமைக்குப் போன கதவு இங்கே எழுவாய் வடிவிலேயே நிற்கிறது: தொரஸ், தொரிஷ் அல்ல. தமிழ்ச் சொல்வரிசைக்கு இது நெருக்கம் என்பதால் நமக்கு விரைவில் கைவரும்.

முதல் அமைப்பின் 'அகம்' கட்டோடு இதைக் குழப்புவது இயல்பு. வேறுபாடு இது. 'அகம்' கட்டு வேலை கைமுடிந்தது என்கிறது. எப்போது என்பது பொருட்டல்ல. 'தரேஷ்' கட்டு வேலை சற்றுமுன் நடந்தது என்கிறது. 'வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா?' என்ற கேள்விக்கு 'தரேஷ்' போட்டுப் பதில் சொன்னால் 'இதோ, இப்பதான்' என்ற தொனி வரும்.

அயர்லாந்தில் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு இன்னொரு பயன். அங்கே ஆங்கிலத்தில் 'ஐ அம் ஆஃப்டர் க்ளோசிங் த டோர்' என்று சொல்வார்கள். கதவை மூடத் தேடிப் போகிறார் என்று நினைக்க வேண்டாம், மூடிவிட்டார். 'தரேஷ்' கட்டு அப்படியே ஆங்கிலத்துக்குள் புகுந்தது இது.

## 5. ஆளில்லா வினை

'தூனூ அன் தொரஸ்': கதவை மூடினார்கள், கதவு மூடப்பட்டது. யார் என்பது சொல்லப்படாது, சொல்லவும் கூடாது. 'பிரிஷூ அன் இன்யோக்' நிகழ்வு. 'தா அன் இன்யோக் பிரிஷ்டெ' நிலை. ஜன்னல் எப்போது உடைந்தது என்று காவல் நிலையத்தில் சொல்ல முன்னது, மழை உள்ளே வருகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்ல பின்னது.

தமிழின் 'படு' வினையை இதற்கு ஒப்பிடுவார்கள், பாதிதான் சரி. 'அவனால் மூடப்பட்டது' என்று நாம் செய்தவரைச் சேர்ப்போம். ஐரிஷில் செய்தவரைச் சொல்ல வேண்டுமென்றால் ஆளுள்ள வினைக்கே போய்விடுவது நல்லது. எழுத்தில் கவனிக்க: இறந்தகால ஆளில்லா வினையும் தொழிற்பெயரும் பல வினைகளுக்கு ஒரே எழுத்துக்கூட்டல். வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றால் வினை என்று கொள்ளலாம்.

## மூடாத, மூட வேண்டிய, மூடத்தக்க

எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு இரண்டு வழி. ஆள் வராதது போன்ற நிகழ்வுக்குத் தொடர்: 'அன் ஃப்யார் நார் ஹானிக்', வராத ஆள். பொருளின் நிலைக்கு 'கன்' (இல்லாமல்): 'தொரஸ் கன் தூன', மூடாத கதவு. வினைப் பெயரடையை மறுக்க எதிர்மறை முன்னொட்டு எல்லா வினைக்கும் ஒட்டிப் பார்ப்பது ஆபத்து. அகராதியில் இருந்தால் மட்டும்.

'செய்ய வேண்டிய வேலை' என்பதற்கு 'லெ': 'ஒபிர் லெ டேனவ்'.

'தக்க' என்ற பொருள் வினைப் பெயரடைக்கு முன்னொட்டு சேர்த்து வருகிறது, இது அழகான சிக்கனம். ஓல்த்த > இன்ஓல்த்த: 'இஷ்கெ இனோல்த்த' என்றால் குடிக்கத்தக்க நீர். டேன்த்த > தொயேன்த்த: செய்யவியலாத. பிரிஷ்டெ > ஸொவிரிஷ்டெ: எளிதில் உடையும். முதல் அமைப்பின் ஈறுகளைக் கற்க நேரம் ஒதுக்குவது வீணல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

## கைக்குறிப்பு

| தமிழில் | முதல் தேர்வு | மாற்ற வேண்டிய சூழல் |
|---|---|---|
| மூடிய கதவு | வினைப் பெயரடை | யார் மூடினார் என்பது வேண்டுமென்றால் 'அ' தொடர் |
| கதவை மூடிய பெண் | 'அ' நேர்த்தொடர் | மாற்று இல்லை |
| திறந்த சாவி, வசிக்கிற வீடு | சுற்றுத்தொடர் | மாற்று இல்லை. கடைசிச் சொல்லை விடக் கூடாது |
| படித்துவிட்டேன் | வினைப் பெயரடை + அகம் | 'நேற்று' வந்தால் சாதாரண இறந்தகாலம் |
| இப்போதுதான் படித்தேன் | தரேஷ் | வேலை முடிந்தது என்பதே முக்கியமென்றால் 'அகம்' |
| படித்துக்கொண்டிருக்கிறேன் | அக் + தொழிற்பெயர் | வழக்கம் என்றால் வழக்க நிகழ்காலம் |
| உட்கார்ந்திருக்கிறான் | இன + தொழிற்பெயர் | அசைவு என்றால் 'அக்' |
| கட்டப்படுகிறது | ஆ + தொழிற்பெயர் | ஒரே நிகழ்வாக முடிந்தது என்றால் ஆளில்லா வினை |
| மூடாத கதவு | கன் + தொழிற்பெயர் | செய்யாதவரைச் சொல்ல 'நார்' தொடர் |

வினையெச்சம் பற்றியும் ஒரு வரி. 'கதவை மூடிவிட்டுப் போனான்' என்பதற்கு 'தரேஷ் தோ அன் தொரஸ் அ கூன, டிமி ஷே' என்று எழுதலாம் ('தோ' என்றால் அவனுக்கு). பேச்சில் 'மூடினான், போனான்' என்று இரண்டு முற்றாக்கி நடுவில் 'அகஸ்' (மற்றும்) போடுவதே இயல்பு. 'பாடிக்கொண்டே வந்தான்' என்பதற்கும் அதே 'அகஸ்' வேறு வேடத்தில்: 'ஹானிக் ஷே அகஸ் ஏ அக் கன', வந்தான், அவன் பாடலில். வினை இல்லாத இந்தத் துணைத்தொடரைக் கைக்கொண்டவரின் ஐரிஷ், மொழிபெயர்ப்பு வாடை இல்லாமல் இருக்கும்.

## ஸ்காட்லாந்து கேலிக் படிப்பவர்களுக்கு

மேலே சொன்ன தேர்வுகளை அப்படியே எடுத்துப்போக வேண்டாம். அங்கேயும் வினைப் பெயரடை உண்டு. மூடிய, உடைந்த, மணமான போன்றவை அன்றாடச் சொற்கள். ஆனால் ஐரிஷ் அளவுக்கு எல்லா வினைக்கும் தாராளமாக உண்டாக்குவதில்லை. 'மூடியிருக்கிறேன்' என்பதற்கு 'அகம்' கட்டைவிட 'எர்' + தொழிற்பெயர் பொதுவழக்கு: 'ஹா மி எர் அன் தொரஸ் அ கூனக்'. ஐரிஷின் 'தரேஷ்' கட்டைப் போலவே தோன்றினாலும் 'சற்றுமுன்' என்ற பொருள் இதற்குக் கட்டாயம் இல்லை. ஆளில்லா வினை பேச்சில் அரிது. அந்த இடத்தில் 'போனது' என்ற வினை வருகிறது: 'ஃகாய் அன் தொரஸ் அ கூனக்', சொல்லுக்குச் சொல் 'கதவு மூடப் போயிற்று', பொருள் 'கதவு மூடப்பட்டது'. இரண்டு மொழியையும் ஒரே சமயத்தில் படிப்பவர்கள் ஸ்காட்லாந்தின் 'எர்' ஒன்றையும், ஐரிஷ் சுற்றுத்தொடரின் 'எர்' ஒன்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஒலி ஒன்றானாலும் எழுத்துக்கூட்டலும் வேலையும் வேறு.